ஏழாவது வரிசை, மூன்றாவது முகம்

அத்தியாயம் 27

போன வாரம் லேசி ப்ரூவிட்டை ஒரு தடித்த புத்தகத்தின் முன்னால் வாய் பிளந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். அவள் இன்னும் வாயை மூடவில்லை.

அந்தப் புத்தகம் ரோ டெல்டா சகோதரிகள் சங்கத்தின் பெயரேடு. ஹார்லன் ஸ்பிரிங்ஸ் கல்லூரிக் கிளையில் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதில் கையெழுத்துப் போட்டு ஓர் எண் வாங்கியிருக்கிறாள். எழுபத்தைந்து வருஷத்தில் மூவாயிரத்துச் சொச்சம் கையெழுத்து. லேசியின் அம்மா டீனாவின் கையெழுத்து மட்டும் இல்லை.

முன்னிருந்து பின்னாக ஒரு தடவை, பின்னிருந்து முன்னாக ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். இல்லை.

அம்மாவின் முகம் என்னவோ மாடிச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் சகோதரிகளைத் தனித்தனியே படம் எடுத்து, முட்டை வடிவத்தில் வெட்டி, ஒரே அட்டையில் ஒட்டி மாட்டுவது இந்த வீட்டு வழக்கம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய அட்டையில் ஏழாவது வரிசை, மூன்றாவது முகம் டீனாவுடையது. தோளில் கறுப்பு வெல்வெட், கழுத்தில் முத்துமாலை, அடியில் அச்சடித்த பெயர். அந்தப் படத்தை நம்பித்தான் லேசி விண்ணப்பத்தில் ‘என் தாயும் இச்சங்கத்தின் சகோதரி’ என்று எழுதினாள். அந்த ஒரு வரிக்காகத்தான் தன்னை உள்ளே எடுத்தார்கள் என்று மூன்று வருஷமாக நம்பிக்கொண்டும் இருக்கிறாள்.

வாசலில் இரண்டாள் உயரத்துக்குக் கிரேக்க எழுத்துகள் நிற்கும் வீடு இது. உள்ளே கிரேக்கம் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தியும் கிடையாது. ஆகஸ்ட் வெயிலில் இரண்டு வாரம், புதுப்பெண்களை வரவேற்க எல்லோரும் ஒரே தாளத்தில் கைதட்டப் பழகினார்கள். செப்டம்பரில், சங்கத்தில் இடம் கிடைத்த புதுப்பெண்கள் அழுதுகொண்டே மேட்டிலிருந்து ஓடிவந்தார்கள். பழைய பெண்கள் அழுதுகொண்டே கட்டிப்பிடித்தார்கள். அக்டோபரில் படம். பிப்ரவரியில் ஏழைக் குழந்தைகளுக்காகத் தோசைக்கல் அளவு பான்கேக் சுட்டு, தீயணைப்பு வண்டியை இரண்டு முறை வரவழைத்தார்கள். மார்ச்சில் நடன விருந்து. ஏப்ரலில், அதாவது இன்று, கிளையின் எழுபத்தைந்தாவது ஆண்டு விழா.

நடுவில் நவம்பரில் தேர்தல் நடந்தது. லேசி வாசற்காவலர் ஆனாள். பதவியின் பெயர் கம்பீரமானது. சடங்கு முடியும்வரை குதிகால் செருப்போடு கதவருகே நிற்க வேண்டும் என்பதால் வேறு யாரும் போட்டியிடவில்லை. பித்தளைச் சாவியில் கை வைத்து அவள் சத்தியம் செய்திருக்கிறாள்: சகோதரி அல்லாத எவரையும் சடங்கு அறைக்குள் விடமாட்டேன்.

சடங்கு மாலை நாலு மணிக்கு. பத்து மணிக்கு அம்மா வருகிறாள்.

“லேசி! உன் நன்றி அட்டை எங்கடி?”

கதவில் சாய்ந்து நின்றவள் பைப்பர், சங்கத் தலைவி. நாலாம் வருஷம். கையில் பட்டியல், காதில் பென்சில், முகத்தில் மூன்று நாளாகத் தூங்காத களை.

“தலைக்குப் பத்துன்னு சொல்லிருக்கேன்ல? நீ மட்டும்தான் பாக்கி. எழுதி என் பெட்டியில போட்டுடு.”

“யாருக்கு எழுதணும்?”

“யாருக்கு வேணா எழுது. நன்றின்னு ஆரம்பிச்சா போதும். தலைமையகத்துல எத்தனை அட்டைன்னு மட்டும்தான் பாப்பாங்க. போன வருஷம் நமக்கு நன்றியுணர்ச்சிக் கேடயம் அரை மார்க்ல போச்சு, மறந்துட்டியா?”

லேசி மறக்கவில்லை. அன்று நன்றிக்குழுப் பெண்கள், கேடயம் வாங்கிய கிளையைப் பற்றி விடிய விடியப் பேசியதை இங்கே எழுத முடியாது.

“ஏண்டி மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்றாள் பைப்பர்.

“ஒண்ணுமில்ல. தூசி.”

பெயரேட்டை மூடினாள்.

*

டீனா ப்ரூவிட் முன்வாசல் வழியாக வரவில்லை. வண்டியைக் கொல்லைப் பக்கம் நிறுத்தி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, சமையலறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். அந்தக் கதவு கைக்குத் திறக்காது, தோளுக்குத்தான் திறக்கும். அது எந்தச் சகோதரிக்கும் தெரியாத விஷயம்.

அம்மா எப்போதும் அந்த வழியாகவே வருவதால் லேசி அங்கேயே காத்திருந்தாள்.

நாற்பத்தெட்டு வயது டீனா, நாற்பது மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பு. இன்று வெள்ளை உடையில் இருந்தாள். கழுத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கிய முத்துமாலை. கையில் ஒரு ஃபாயில் பொட்டலம், மேல்முனை முறுக்கி முயல் மாதிரி இரண்டு காது வைத்தது. லேசி ஒன்றாம் வகுப்புக்குப் போன நாளிலிருந்து அவள் சாப்பாடு அந்தக் காதுகளோடுதான் வரும்.

“மோர் ரொட்டி, கண்ணு. அத்திப்பழ ஜாம் வெச்சிருக்கேன். காலைல நீ சாப்பிட்டிருக்க மாட்ட.”

“அம்மா, உன் நம்பர் என்ன?”

“என்ன நம்பர்?”

“பெயரேட்டு நம்பர். வர்றவங்களுக்கு நெஞ்சுல குத்திக்க அட்டை எழுதறேன். பேர், வருஷம், நம்பர். உன் நம்பர் சொல்லு.”

டீனா பொட்டலத்தைக் கொல்லைப் படிக்கட்டில் வைத்தாள். அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

“பாத்துட்டியா?”

“நீ இங்க யாரும்மா?”

“மூணு வருஷம் தட்டு கழுவினேன். பரிமாறினேன். வெள்ளிக்கிழமை படமெல்லாம் துடைப்பேன்.”

“படத்துல நீ எப்படி இருக்க?”

“அன்னிக்குப் படம் எடுக்கிறவருக்கு எலுமிச்சை ஜூஸ் கொண்டு போனேன். ஏப்ரனைக் கழட்டி வெச்சிட்டுத்தான் ஹாலுக்குப் போகணும்னு விதி. வாசல்ல ஒரு ஆள், ‘இந்தா, அட்டையில பேர எழுது’ன்னான். எழுதினேன். கறுப்புத் துணியத் தோள்ல சுத்தினான். முத்துமாலைய மாட்டினான். அதுவும் அவனோடதுதான், எல்லாருக்கும் அதே மாலை. ‘உட்காரு, நாடியத் தூக்கு’ன்னான். உட்காருன்னா உட்கார்ற வளர்ப்பு நான். டப்புன்னு ஒரு வெளிச்சம். அவ்வளவுதான்.”

“அப்புறம் யாருமே பாக்கலயா?”

“படம் வந்த அன்னிக்கு நூத்திப் பதினொரு பேரும் வந்து பாத்தாங்க. ஆளுக்கொரு மூஞ்சிதான் பாத்தாங்க. அவங்கவங்க மூஞ்சி.”

லேசிக்குச் சிரிப்பு வந்தது. கோபம் அதைவிட முந்திக்கொண்டு வந்தது.

“எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?”

“உனக்கு ஒம்பது வயசு. ஃபுட்பால் திருவிழா அன்னிக்கு வீட்டை எல்லாருக்கும் திறந்து விட்டிருந்தாங்க. நான் சமையலறையத்தான் காட்டக் கூட்டி வந்தேன். நீ மாடிக்கு ஓடிட்ட. ‘அம்மா, இது நீதான!’னு கத்தின. சொல்றதுக்கு வாயத் திறந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். மூடிட்டேன்.” டீனா கைகளைப் பார்த்துக்கொண்டாள். “பதினோரு வருஷமா மூடிட்டே இருக்கேன், கண்ணு. தப்புதான்.”

“நாலு மணிக்கு நான் கதவுல நிப்பேன். உங்கிட்ட ரகசிய வார்த்தை கேக்கணும். நான் சத்தியம் பண்ணிருக்கேன்மா!”

“வண்டியத் திருப்பிடறேன். தலைவலின்னு சொல்லிடு.”

அவள் எழுந்தாள். திரும்பியிருப்பாள். அதற்குள் சமையலறைக்குள்ளிருந்து ஒரு குரல், அதற்கு முன்னால் ஒரு செண்ட் வாசனை.

“ஐஸ் எங்க? யாராவது இருக்கீங்களா? ஐஸ் இல்லாம டீய எப்படிக் குடிக்கிறது?”

வந்தவள் விட்னி லாங்ஃபர்ட். பழைய மாணவியர் குழுத் தலைவி. வருஷா வருஷம் மேடையேறி, ‘இந்தச் சகோதரிகளில் ஒருத்தியைக்கூட நான் மறந்ததில்லை’ என்று கண்ணைத் துடைப்பவள். மடிப்புக் கலையாத வெள்ளை லினன். டீனாவைப் பார்த்தாள். அவள் உடையைப் பார்த்தாள். முத்துமாலையைப் பார்த்தாள். ஒரு கணம் தவித்தாள். அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறாள், எங்கே என்றுதான் தெரியவில்லை.

“எங்கம்மா, டீனா. உங்க பேட்ச்...” என்று லேசி ஏதோ சொல்லப் போனாள்.

“டீனா!” விட்னி பாய்ந்து கட்டிப்பிடித்தாள். “சொல்லணுமா என்ன! உன்னை மறப்பேனாடி? வசந்த நடன விருந்துல நாம ரெண்டு பேரும் சாப்பாட்டு மேஜை மேல ஏறி ஆடினோமே!”

“நீங்க ஆடினது நல்லா ஞாபகம் இருக்கு, மிஸ் விட்னி” என்றாள் டீனா.

“மிஸ்ஸாம் மிஸ்! கேலி பண்றா பாரு, அப்போலேந்து இவ இப்படித்தான்!” டீனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். “வா, எல்லாரும் உன்னைக் கேட்டுட்டே இருக்காங்க.”

யாரும் கேட்கவில்லை. ஆனால் விட்னி அறிமுகப்படுத்தியதும் எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது. ஒருத்தி டீனாவிடமிருந்து கடன் வாங்கிய பச்சை ஸ்வெட்டரைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தி, டீனா ஒரு பையனுக்காக அழுத ராத்திரியைச் சொல்லித் தானும் கொஞ்சம் அழுதாள். சகோதரியைத் தெரியவில்லை என்று சொல்லும் தைரியம் அந்த ஹாலில் ஒருத்திக்கும் இல்லை.

படிக்கட்டில் பொட்டலம் காதை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. லேசி அதைத் தொடவில்லை.

*

மாடி அறையில் உட்கார்ந்து, பாக்கி இருந்த பத்து நன்றி அட்டைகளை முடித்துவிட்டு, ஒரு கடிதம் எழுதினாள். கைக்குக் கிடைத்தது சங்கத்தின் வெளிர்மஞ்சள் தாள், நன்றி அட்டைகளுக்கான அதே வெளிர்மஞ்சள் உறை.

‘அன்புள்ள பைப்பர், இந்த வீடு எனக்குத் தந்த எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று ஆரம்பித்தாள். ராஜினாமாவை நன்றியோடு ஆரம்பிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். மூன்று வருஷப் பழக்கம். கை வேறு விதமாக ஆரம்பிக்க மறுத்தது. பிறகு விஷயத்துக்கு வந்தாள். என் அம்மா சகோதரி அல்ல. நான் எழுதிக் கொடுத்தது பொய். இன்று மாலைச் சடங்கு முடிந்ததும் சாவியையும் மார்புச் சின்னத்தையும் திருப்பித் தருகிறேன். மீண்டும் நன்றி.

மாடிப்படிக்குக் கீழே தலைவியின் பித்தளைப் பெட்டி. அட்டைகளோடு கடிதத்தையும் போட்டுவிட்டாள். உள்ளே விழும்போது சத்தமே இல்லை. ஏற்கெனவே நிறையக் காகிதம் இருந்திருக்க வேண்டும்.

மதியம் புல்வெளியில் விருந்து. ஓக் மரத்தடியில் வட்ட மேஜைகள். கோழிக்கறி சாலட், வெள்ளரி சாண்ட்விச், இனிப்பு டீ. விட்னி இருபது நிமிஷம் பேசினாள். நன்றி என்ற சொல் முப்பத்தொன்பது முறை வந்தது. லேசியின் மேஜையில் ஒருத்தி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்தவள் பழைய மாணவி மெரிடித். சங்கத்துப் பெண்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். புதுப்பெண்களுக்குக் கொடுக்கும் துண்டறிக்கையில் அவள் கதைதான் முதல் பக்கம். ஆனால் நேரில் அவள் சொல்லி லேசி கேட்டதில்லை. குச்சி மாதிரி இருந்தாள். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

“நான் ரெண்டாம் வருஷம் படிக்கறப்ப எங்கப்பா போயிட்டார். அடக்கம் முடிஞ்சு திரும்பி வந்தேன். சாப்பாட்டு ஹாலுக்குப் போக முடியல. நூறு பேர் முன்னாடி முள்கரண்டியத் தூக்க முடியல, அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லல. கதவைச் சாத்திட்டுப் படுத்திருந்தேன். மூணாம் நாள் காலையில கதவைத் திறந்தா, வாசல்ல ஒரு பொட்டலம். சுடச்சுட ரொட்டி. அடுத்த நாளும். பரீட்சை முடியற வரைக்கும் ஒரு நாள் தப்பல. எந்தச் சகோதரி வெச்சான்னு இன்னிவரைக்கும் தெரியாது. கேட்டா ஒருத்தியும் ஒத்துக்கல.”

“அதாண்டி பெருந்தன்மை!” என்றாள் விட்னி உட்கார்ந்த இடத்திலிருந்து. தான் வைத்திருக்கவும் கூடும் என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

மெரிடித் சிரித்தாள். “துண்டறிக்கையில போடாத ஒரு விஷயம் சொல்றேன். அந்தப் பொட்டலத்துல ஃபாயில முறுக்கி ரெண்டு காது வெச்சிருக்கும். முயல் காது. அப்பா போனப்புறம் நான் முதல்முதலா சிரிச்சது அந்தக் காதப் பாத்துத்தான்.”

லேசியின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்தது. மேஜை விரிப்பெல்லாம் டீ.

“ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்” என்றாள் பக்கத்தில் இருந்த பெண்மணி, பாவாடையை இழுத்துக்கொண்டு. எங்கள் ஊரில் ஒரு பெண் இன்னொருத்தியைத் திட்ட இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது.

லேசிக்கு அது காதில் விழவில்லை. அவள் மூன்று மேஜை தள்ளிப் பார்த்தாள். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

*

நாலு மணி. சடங்கு அறைக்குள் திரைகளை இழுத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றியாகிவிட்டது. உள்ளே பைப்பரும் பத்து நிர்வாகிகளும். வெளியே மாடிப்படி முழுக்க வெள்ளை உடையில் வரிசை. கதவில் லேசி, கழுத்தில் ரிப்பன் கட்டிய பித்தளைச் சாவி.

வழக்கம் இதுதான். வாசற்காவலர் சத்தமாக, “யார் வருவது?” என்று கேட்பாள். வருகிறவள் சத்தமாக, “சகோதரி” என்பாள். பிறகு குனிந்து, காவலர் காதில் ரகசிய வார்த்தையைச் சொல்வாள். வேறு யாருக்கும் கேட்காது. காவலர் தலையசைத்தால் கதவு திறக்கும்.

அதாவது லேசி தலையசைத்தால் போதும். அம்மா காதில் என்ன சொன்னால் என்ன? அவள் வரிசையில் முதலாவதாக வேறு நின்றாள். விட்னிதான், “வாசற்காவலரோட அம்மா முதல்ல போகணும், எவ்வளவு அழகா இருக்கும்!” என்று தள்ளிக்கொண்டு வந்து விட்டிருந்தாள்.

“யார் வருவது?” என்றாள் லேசி.

டீனா “சகோதரி” என்று சொல்லவில்லை. நேரே குனிந்து மகள் காதில் வாய் வைத்தாள்.

“எனக்கு அந்த வார்த்தை தெரியும், கண்ணு. பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு மேலதான் இந்த அறை. குழாய் வழியா எல்லாம் கேக்கும். மூணு வருஷம் கேட்டிருக்கேன். ஆனா எனக்கு யாரும் குடுக்கல, அதனால சொல்ல மாட்டேன். தலை சுத்துதுன்னு உட்கார்ந்துக்கறேன். நீ பொய் சொல்ல வேணாம், சத்தியத்தையும் மீற வேணாம். அடுத்தவங்களக் கூப்பிடு.”

பக்குவமான யோசனை. ஒருத்திக்கும் தெரியாது. சடங்கு நடக்கும், போட்டோ எடுப்பார்கள், ஆறு மணிக்கு அம்மா கொல்லைக் கதவு வழியாக வீட்டுக்குப் போய்விடுவாள். வந்த வழியே.

டீனா நெற்றியில் கை வைத்து, “எனக்குக் கொஞ்சம் தலை...” என்று ஆரம்பித்தாள்.

“இவங்க சகோதரி இல்ல” என்றாள் லேசி.

மாடிப்படி முழுக்கக் கேட்டது.

“லேசி!” என்றாள் டீனா.

“இவங்க பேரு பெயரேட்டுல இல்ல. நான்தான் வாசற்காவலர், நான் சொல்லணும். படத்துல இருக்கறது தவறுதலா எடுத்தது. இவங்க இந்த வீட்டுச் சமையலறையில வேலை பாத்தவங்க. தட்டு கழுவினவங்க.” மூச்சு வாங்கினாள். “மிஸ் மெரிடித், இன்னிக்குக் காலைல எனக்கு மோர் ரொட்டி கொண்டு வந்தாங்க. அதுலயும் ரெண்டு காது இருந்தது. எனக்கு ஆறு வயசுலேந்து எல்லாப் பொட்டலத்துலயும் ரெண்டு காதுதான்.”

வரிசையின் நடுவில் மெரிடித் நின்றிருந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். எல்லோரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள்.

“நீங்களா?”

“தட்டு எண்ணுவேன், மிஸ் மெரிடித்” என்றாள் டீனா மன்னிப்புக் கேட்கிற குரலில். “நூத்திப் பதினொண்ணு போட்டா நூத்திப் பத்துதான் அழுக்காகித் திரும்பி வந்தது. யாரோ சாப்பிடலன்னு அப்படித்தான் தெரிஞ்சுது. யாருன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. இல்லன்னா முன்னாடியே வெச்சிருப்பேன்.”

மெரிடித் டீனாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“இருபத்தெட்டு வருஷமா ஊர் ஊராப் போய்ச் சொல்லிட்டு வரேன்” என்றாள் கடைசியில். “எனக்கு நன்றி சொல்ல ஆள்தான் தெரியாம இருந்தது.”

“அதான் சொல்லிட்டீங்களே. நானும் மூணு வருஷம் நல்ல சாப்பாடு சாப்பிட்டேன் இங்க. எம்பொண்ணுக்கு ஒரு வீடு குடுத்தீங்க. இன்னிக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன். உள்ள போக இல்ல.”

“அப்போ நானும் உள்ள போகல” என்று மெரிடித் மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள். டீனாவையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

பச்சை ஸ்வெட்டர்க்காரி தொண்டையைக் கனைத்துவிட்டுக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அடுத்து, பையனுக்காக அழுத ராத்திரியைச் சொன்னவள். பிறகு ஒவ்வொருத்தியாக, வெள்ளை உடையைச் சுருட்டிக்கொண்டு, மாடிப்படி முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். விட்னி மட்டும் நின்றாள். லினன் கசங்கும். அதுமட்டுமல்ல, அவள் சொன்ன மேஜை நடனப் பொய் வேறு பாக்கி இருந்தது.

“நாம ஆடினோமேடி...” என்றாள் பலவீனமாக.

“மேஜையத் துடைச்சது நான்தான், மிஸ் விட்னி. குதிகால் தடம் பதினாலு. இன்னும் விரிப்புக்கு அடியில இருக்கு.”

முதலில் சிரித்தது மெரிடித். பிறகு படிக்கட்டு மொத்தமும். விட்னி சிவந்தாள், வெளுத்தாள், கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள். எங்கள் ஊர் அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லும். ஆனால் தோற்ற இடத்திலும் தலைமை தாங்கத் தெரிந்தவள்.

கதவு திறந்து பைப்பர் எட்டிப் பார்த்தாள். “என்ன நடக்குது? மெழுகு பாதி உருகிடுச்சு. அம்பது பேர் இல்லாம சடங்கு ஆரம்பிக்க முடியாது. உள்ள பதினோரு பேர்தான் இருக்கோம்!”

“சட்டப் புத்தகம் நாப்பதாம் பக்கம்” என்றாள் விட்னி நிமிர்ந்து நின்று. “கிளைக்குச் சேவை செஞ்ச பெண்ணை எந்த வயசுலயும் சகோதரியாச் சேத்துக்கலாம். ஒருத்தி முன்மொழியணும், ஒருத்தி வழிமொழியணும், அடுத்த ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல ஒருத்தியும் மறுக்கக் கூடாது. நான் முன்மொழியறேன்.”

“வழிமொழியறேன்” என்றார்கள் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில்.

விட்னி லினனைப் பற்றி ஒரு கணம் யோசித்துவிட்டு, டீனாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். “நிஜமாவே பதினாலா?” என்று கேட்டாள் மெதுவாக.

லேசி சாவியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “பைப்பர், நானும் பொய் எழுதித்தான் உள்ள வந்தேன். அம்மா சகோதரின்னுதான என்னை எடுத்தீங்க.”

“யாருடி சொன்னது?” பைப்பர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்த வருஷம் நான் தேர்வுக் குழுவுல இருந்தேன். அம்மா சகோதரின்னு எழுதின பொண்ணுங்க இருபத்தாறு பேர். அதெல்லாம் யாரு படிச்சா? வந்த முந்நூறு பேர்ல, தின்ன தட்டத் தானே எடுத்துட்டுப் போய் சமையலறையில வெச்சவ நீ ஒருத்திதான். அதுக்குத்தான் எடுத்தோம்.”

லேசி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மடியிலிருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா, அந்தப் பொட்டலம் இன்னும் கொல்லைப் படியிலதான் இருக்கு. பசிக்குது.”

“ஆறிப் போயிருக்கும்டி.”

“பரவால்ல.”

இரண்டு படி இறங்கியபோதுதான் லேசிக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. மீதிப் படிகளைக் குதிகால் செருப்போடு எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பித்தளைப் பெட்டியைத் திறந்தாள். கையை விட்டுத் துழாவினாள்.

காலி.

“பைப்பர்! உன் பெட்டியில இருந்ததெல்லாம் எங்க?”

“நன்றி அட்டைங்களா? நன்றிக்குழு மூணு மணிக்கே எடுத்துத் தபால் வண்டியில ஏத்தியாச்சு. மொத்தமாத் தலைமையகத்துக்கு.” மாடியிலிருந்து பைப்பர் பெருமையோடு சொன்னாள். “ஆயிரத்து நூத்தி இருபத்தொண்ணு! கணக்குக்கு மேல ஒண்ணு வந்திருக்கு. கேடயம் நமக்குத்தான்.”

லேசி கடைசிப் படியில் உட்கார்ந்தாள். என்ன என்று கேட்க அம்மா இறங்கி வந்தாள். லேசி ராஜினாமாக் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். டீனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நன்றின்னுதான ஆரம்பிச்சிருப்ப?”

“ஆமா. முடிச்சதும் நன்றின்னுதான்.”

“அப்புறம் என்ன? இவங்கள்ல யாரு முதல் வரிக்கு மேல படிக்கப் போறா?”

மேல்படியில் விட்னியின் சிரிப்பு நின்றது. கசங்கிய லினனோடு எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

“ஒருத்தி இருக்கா” என்றாள். “தலைமையகத்துல ஒரே ஒருத்தி. எல்லா அட்டையையும் கடைசி வரி வரைக்கும் படிப்பா. ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துக்கு அவதான் வரா.”